ஆக்ஸ்போர்டின் வாய்மொழிப் பரீட்சை

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பட்டப் பரீட்சை வெறும் சம்பிரதாயமாக நலிந்து கிடந்தது. 1770-இல் அதற்கு உட்பட்டு, பிற்காலத்தில் எல்டன் பிரபுவாக உயர்ந்த ஜான் ஸ்காட்டிடம் எபிரேயத்தில் ஒன்றும் சரித்திரத்தில் ஒன்றுமாக இரண்டே வினாக்கள் கேட்டுப் பட்டம் அளித்தார்கள் என்பர்.

1800-ஆம் ஆண்டின் பரீட்சைச் சட்டம் இந்த அவலத்தைப் போக்கியது. பரீட்சகர்களுக்கு எதிரே மாணவன் அமர, சக மாணவர்களும் ஆசிரியர்களும் சூழ்ந்திருந்து செவிமடுக்க, கிரேக்க, லத்தீன் நூல்களில் காட்டிய பகுதியை அவன் அப்போதே பெயர்த்துச் சொல்லி, தொடர்ந்து வரும் வினாக்களுக்கும் தயங்காமல் விடையிறுக்க வேண்டியிருந்தது. 1808-இல் ராபர்ட் பீல் இவ்வாறு இலக்கியம், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்பில் தேறிய முதல் மாணவர் என்னும் கீர்த்தி பெற்றார். சபை கூடியிருப்பதே அத்தகையோருக்கு உற்சாகம். ஆனால் 1820-இல் ஜான் ஹென்றி நியூமன், மிதமிஞ்சிப் படித்த களைப்பினால் பரீட்சகர்முன் மனந்தளர்ந்து, அனைவரும் எதிர்பார்த்த சிறப்பை இழந்தார். 1822-இல் ஓரியல் கல்லூரி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததை நினைக்கும்போது, குறை அவருடைய கல்வியில் இல்லை, அதை அளந்த முறையிலேதான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜில் கணிதமே பிரதானமாகையால் எழுத்து முன்னரே புகுந்துவிட்டது. பரீட்சகர் வினாவை வாசிப்பார், ஒருவன் எழுதி முடித்ததும் அடுத்ததை வாசிப்பார். ஆக்ஸ்போர்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவர் தொகை பெருகப் பெருக வினாத்தாளே மேலோங்க, வாய்மொழி வினாக்கள் எழுத்துத் தேர்வுக்குப் பின் வரும் துணைச் சோதனையாகச் சுருங்கின.