றப்பரும் அரிசியும்

நம் ஊர்ப் பெரியோர் சிலர் இன்றும் "கூப்பன் அரிசி" என்று சொல்வதைக் கேட்கின்றோம். இளைஞராகிய நம்மிற் பலருக்கு அச்சொல் விளங்குவதில்லை. வன்னி நெல் விளையும் மண்ணே. ஆயினும் இலங்கை முழுவதற்கும் வேண்டிய அரிசியை நாட்டு வயல்கள் அன்று தரவில்லை. கடல் கடந்து வந்த அரிசியையே அரசினர் பங்கீட்டு முறையில் மலிவாக வழங்கினர். அது வந்த வழியைத் தேடப் புகுந்த நாம், போர்ப்பொருள் ஏற்றுமதிச் சட்டங்களிற் போய் நின்றோம் என்றால் அன்பர்கள் வியக்கக்கூடும்.

1950இல் கொரியா யுத்தம் மூண்டது. சீனப் படைகளும் அதிற் புகுந்தமையால், 1951 மே 18ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீனாவுக்கு ஆயுதங்களையும் எண்ணெயையும் ஆயுத உற்பத்திக்கு உதவும் பொருள்களையும் அனுப்பலாகாது எனத் தீர்மானித்தது. அதிலே றப்பர் என்ற பெயரே இல்லை. எப்பொருள் தடைக்குள் அடங்கும் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும்படி விடப்பட்டிருந்தது. பிரித்தானியா அதே மாதத்தில் மலாயா றப்பர் சீனா செல்வதை நிறுத்தியது. அமெரிக்கா ஒக்டோபரில் 'பட்டில் சட்டம்' இயற்றி, தடைப்பொருளை விற்கும் நாட்டுக்கு உதவியில்லை என்றது. லொறிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டுமே! ஆகவே மரத்தில் வடியும் பாலும் போர்ப்பொருளாயிற்று.

இலங்கையோ இக்கட்டில் அகப்பட்டது. றப்பர் விலை வீழ்ந்தது. 1952இல் அரிசி விலை ஏறியது. அமெரிக்காவுடன் நடந்த பேச்சு பயன் தரவில்லை. பொதுவுடைமையை அறவே வெறுத்த ஐக்கிய தேசியக் கட்சியே அன்று ஆட்சியிலிருந்தது. எனினும் வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். 1952 டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது: ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் நாம் 50,000 தொன் றப்பர் கொடுப்பது, சீனா 270,000 தொன் அரிசி தருவது. றப்பருக்குக் கிடைத்த விலையும் சந்தை விலையிலும் அதிகம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினரல்ல; ஆகவே அத்தீர்மானம் தன்னைக் கட்டாது என்று சொல்ல இடமிருந்தது. உறுப்புரிமையைத் தடுத்து வந்தது சோவியத் நாட்டின் வீற்றோ! சபையில் நமக்கு இடம் கிடைத்தது 1955இலேதான்.

அமெரிக்கா உதவியை மறுத்தது. றப்பர் இலைநோய்க்குத் தூவும் கந்தகத்தையும் தர மறுத்தது. 1956இலேயே அதன் உதவி வந்தது. இத்தனையும் அறிந்தே அரசினர் துணிந்தனர். அது தக்க செயலே என்பது நம் எண்ணம். ஆனால் ஒப்பந்தத்தோடு அரிசிக் கவலை தீர்ந்தது எனல் பிழை. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் பெரும் ஹர்த்தால் மூண்டது. பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா ஒக்டோபரிற் பதவி துறந்தார்.

ஒப்பந்தமோ, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982வரை நின்றது. சீனாவுடன் தூதரக உறவு ஏற்பட்டது 1957இல். அரிசிக் கப்பல்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அக்காலத்துக் கூப்பன் புத்தகத்தைப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கும் பெரியோர் எவரேனும் இருப்பின், மன்றத்து இளைஞருக்கு ஒருமுறை காட்டும்படி வேண்டுகின்றோம்.