சாமுவேல் பேக்கரின் துவக்குகள்

மலைநாட்டில் தேயிலைக்கு முன்னர் கோப்பி ஓங்கியிருந்த காலத்தில், 1848ஆம் ஆண்டு, நுவரெலியாவிற் குடியேறினார் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். யானை வேட்டையிற் பெரும்பித்துக் கொண்டவர். அப்பித்தை இன்று மெச்சுவதற்கில்லை. துவக்கைத் தேர்வதில் அவர் காட்டிய கவனமோ அறியத்தக்கது.

அந்நாளில் மருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியே இட்டுக் கிட்டித்தனர். சுட்டபின் மீண்டும் நிரப்ப, பாய்ந்து வரும் யானை அவகாசம் தருமா? வெடி பொய்த்தால் உயிர் போகும். ஆதலின் பேக்கர் 21 இறாத்தல் நிறையுள்ள ஒற்றைக்குழல் துவக்கொன்றும், 15 இறாத்தல் நிறையுள்ள இரட்டைக்குழல் துவக்குகள் நான்கும் வைத்திருந்தார். நிரப்பிய துவக்குகளை ஏவலர் பின்னே சுமந்து வந்தனர். காட்டுப் பாதையில் அஃது எத்துணை அபாயம்! ஹோர்ட்டன் சமவெளியில் மரை வேட்டைக்கோ அவர் நாய்களையும் கத்தியையுமே நம்பினார்.

அவ்வேவலரின் பணியை ஒரே கருவிக்குள் அடக்கியது, அமெரிக்கரான ஜோன் பிரௌணிங் அமைத்த பம்ப் துவக்கு. 1897ஆம் ஆண்டின் வின்செஸ்டர் அவ்வகையிற் பெயர்பெற்றது. குழலின் கீழுள்ள பிடியைப் பின்னிழுத்து முன்தள்ளினால் வெறுந்தோட்டா வெளியே விழும். புதியது உள்ளே ஏறும். ஆயினும் ஈரம் அதற்கும் பகையாயிற்று. முதல் உலகப் போரின் அகழிகளில் அதன் காகிதத் தோட்டாக்கள் நனைந்து ஊதின. பித்தளைத் தோட்டாக்கள் வேண்டியிருந்தன. மழையும் மூடுபனியும் ஓயாத மலைநாட்டில் இது சிறு குறையன்று.

இன்னொன்று. இரட்டைக்குழல் துவக்கை மடித்துத் திறந்தால், தோட்டா உண்டோ இல்லையோ கண்ணுக்குத் தெரியும். பம்ப் துவக்கிலோ, அறை வெறுமையாயிருக்கையிலும் அடிக்குழாயில் தோட்டாக்கள் ஒளிந்திருக்கலாம்.