ஏன் ஆஸ்டியோபதி?

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் சீராக்கும் பயிற்சியும் சேர்ந்த மருத்துவ முறை) மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவரிடம் நேர்முகத் தேர்வில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி: “ஏன் இந்தப் படிப்பு?” பலர் இதை வெறும் சம்பிரதாயமாகவே நினைக்கிறார்கள். ஆனால் இந்தத் துறை தன் இருப்புக்காக நடத்திய நெடும் போராட்டத்தின் எச்சம் அது என்பதே என் கருத்து. 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் முதல் கல்லூரியைத் தொடங்கியபோது, அது இரண்டே அறைகள் கொண்ட மரக்கட்டடம். முதல் வகுப்பிலேயே பெண்களும் அமர்ந்தார்கள். மற்ற பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலம் அது.

எளிதாகத் திறந்த அந்தக் கதவே பின்னர் பழிக்கும் ஆளானது. சேர்க்கைத் தகுதி குறைவு, கட்டணமே குறி என்று 1910இல் மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை சாடியது. கல்லூரிகள் படிப்படியாகத் தகுதியை உயர்த்தின. மருத்துவப் படிப்புக்கு முந்தைய கல்லூரிப் படிப்பும், பின்னாளில் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் கட்டாயமாயின. 1962இல் கலிபோர்னியாவில் சுமார் 2,000 ஆஸ்டியோபதி மருத்துவர்கள் வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்கு மாறியபோது, தனி அடையாளமே கேள்விக்குள்ளானது.

2020இல் எம்.டி., ஆஸ்டியோபதி என இரு பிரிவினருக்கும் உறைவிடப் பயிற்சி ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்ட பிறகு நேர்முகத் தேர்வின் அந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான ஐயம்தான். ஆனாலும் கையால் தொட்டு எலும்பையும் தசையையும் சீராக்கும் பயிற்சி இந்தக் கல்லூரிகளில் இன்றும் கட்டாயம். அதைக் கற்க மனமில்லாதவருக்கு இடம் தருவது, கற்க விரும்புபவரின் இடத்தைப் பறிப்பதாகும். ஆகவே விண்ணப்பிப்பவர்களே, மனப்பாடப் பதிலை விட்டு, இந்த வரலாற்றைப் படித்துவிட்டுச் செல்லுங்கள்.