கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களை மதிப்பிடுதல்: என்.பி.ஏ. வீரர் தேர்வின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ., ஆண்டுதோறும் இளம் வீரர்களை அணிகளுக்கிடையே பங்கிடும் நிகழ்வு 'டிராஃப்ட்' எனப்படும் வீரர் தேர்வு ஆகும். 30 அணிகள் இரண்டு சுற்றுகளில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிகளுக்கே முன்வரிசையில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எனவே நலிந்த ஓர் அணியின் எதிர்காலம், 19 அல்லது 20 வயது இளைஞர் ஒருவரைப் பற்றிய கணிப்பைச் சார்ந்திருக்கிறது. அந்தக் கணிப்புக்கு நெடுங்காலமாக அடிப்படையாக இருந்து வருபவை கல்லூரி ஆட்டங்கள்.

தொடக்க காலம்

முதல் தேர்வு 1947 இல், என்.பி.ஏ.வின் முன்னோடி அமைப்பான பி.ஏ.ஏ.வில் நடந்தது. முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிளிஃப்டன் மெக்நீலி தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடாமல், பள்ளிப் பயிற்சியாளர் பணிக்குச் சென்றார். அக்காலத்தில் வீரர்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் நாளிதழ்கள் வழியாகவும் பயிற்சியாளர்களின் வாய்மொழி வழியாகவுமே அணிகளை எட்டின.

1956 இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் பில் ரசல் தேர்வுக்கு வந்தார். அவருடைய கல்லூரி அணி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தேசிய வாகையர் பட்டம் வென்றிருந்தது. ஆயினும் பந்தைக் கூடையில் போடும் திறனில் அவர் குறைந்தவர் என்ற கருத்து நிலவியது. பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக், தம் பழைய பயிற்சியாளர் பில் ரைன்ஹார்ட்டின் பரிந்துரையை நம்பினார். ரசலின் தடுப்பாட்டத்தையும், தவறிய பந்தைக் கைப்பற்றும் ஆற்றலையும் அவர் பெரிதாகக் கருதினார். செயின்ட் லூயிஸ் அணி இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த ரசலை, இரு வீரர்களைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டார். 13 பருவங்களில் பாஸ்டன் 11 முறை வாகை சூடியது.

1984: தேவையா, திறனா?

1984 இல் ஹியூஸ்டன் அணி ஹக்கீம் ஒலாஜுவானை முதலாவதாக எடுத்தது. இரண்டாம் இடத்திலிருந்த போர்ட்லாந்து அணியிடம் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற திறமையான வெளிக்கள வீரர் ஏற்கெனவே இருந்தார். ஆகவே அதே வகை ஆட்டக்காரரான மைக்கேல் ஜோர்டானை விட்டுவிட்டு, கூடைக்கு அருகில் நின்றாடும் உயரமான வீரர் சாம் பூவியைத் தேர்ந்தெடுத்தது. பூவி கால் காயத்தால் கல்லூரியில் இரண்டு பருவங்களை இழந்தவர். போர்ட்லாந்துக்காக அவர் ஆடியவை 139 ஆட்டங்கள் மட்டுமே. மூன்றாவதாகச் சிகாகோவுக்குச் சென்ற ஜோர்டான் ஆறு வாகையர் பட்டங்களை வென்றார். அணியின் அப்போதைய தேவையை வீரரின் திறனுக்கு மேலாக வைத்ததன் விளைவாக இத்தேர்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

குறைந்துவந்த சான்றுகள்

பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே என்.பி.ஏ.வில் சேரலாம் என்ற விதி, 1971 இல் ஸ்பென்சர் ஹேவுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக முடிவெடுத்ததை அடுத்துத் தளர்ந்தது. 1995 இல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேரடியாகத் தேர்வானார். பின்னர் பலர் அவ்வழியில் வந்தனர். 2006 முதல், அமெரிக்க வீரர்களுக்கு 19 வயதும் பள்ளிக்குப் பின் ஓராண்டும் கட்டாயமாயின. இதனால் சிறந்த வீரர்கள் ஒரே ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டு வெளியேறும் வழக்கம் பரவியது.

இதே காலத்தில் அளவிடும் முறைகள் பெருகின. தேர்வுக்கு முன் நடக்கும் 'கம்பைன்' சோதனை முகாமில் உயரம், விரித்த கைகளின் நீளம், தாவும் உயரம், ஓட்ட வேகம் ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. 2007 முகாமில் கெவின் டுராண்டால் 84 கிலோ எடையை ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆட்டத்துக்குச் சராசரி 25.8 புள்ளிகள் எடுத்திருந்தார். போர்ட்லாந்து மீண்டும் ஓர் உயரமான வீரரையே, கிரெக் ஓடனை, முதலாவதாக எடுத்தது. முழங்கால் காயங்களால் ஓடன் அந்த அணிக்கு ஆடியவை 82 ஆட்டங்கள். டுராண்ட் 2014 இல் என்.பி.ஏ.வின் மிக மதிப்புமிக்க வீரரானார்.

2009 இல் சிறிய கல்லூரியான டேவிட்சனின் ஸ்டீபன் கர்ரி, நாட்டிலேயே அதிகமாக ஆட்டத்துக்கு 28.6 புள்ளிகள் எடுத்தும், மெலிந்த உடல், வலுக்குறைந்த எதிரணிகள் என்ற ஐயங்களால் ஏழாவதாகவே தேர்வானார். நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடிய டிரேமண்ட் கிரீன் 2012 இல் 35 ஆம் இடம் வரை காத்திருந்தார். இவ்விருவரும் கோல்டன் ஸ்டேட் அணியில் இணைந்து நான்கு பட்டங்களை வென்றனர்.

இன்றைய மதிப்பீடு

கல்லூரி ஆட்டம் 40 நிமிடங்கள், என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடங்கள். மூன்று புள்ளிக் கோடும் என்.பி.ஏ.வில் தொலைவானது. எனவே ஆய்வாளர்கள் புள்ளிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வீரரின் வயது, எதிரணியின் தரம், ஆடிய நேரம் ஆகியவற்றுக்கேற்பத் திருத்துகின்றனர். தொலைவெறியும் திறன் வளருமா என்பதைக் கணிக்க, தடையற்ற எறிதல்களின் வெற்றி விகிதத்தையும் பார்க்கின்றனர்.

2021 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டலாம். பணத்துக்காக அவசரமாகத் தொழில்முறைக்குச் செல்லும் தேவை இதனால் குறைந்தது. கருவிகள் பெருகிய காலத்தில் பார்ப்பதற்கான கல்லூரி ஆட்டங்கள் குறைந்துபோயின. ஒரு வீரர் கல்லூரியில் கூடுதல் ஆண்டுகள் ஆடும்போது, அவரை எடைபோடுவதற்கு அணிகளிடம் கூடுதல் சான்றுகள் சேருகின்றன.