பிரெஞ்சு அசை: அச்சுக்கு ஒன்று, நாவுக்கு ஒன்று

அசைப்பிரிப்புக்குப் பிரெஞ்சு இலக்கண நூல்கள் தரும் விதிகள் எளியவை. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய் பின்னுள்ள உயிரைச் சேரும். இரண்டு மெய் வந்தால் இரு பக்கமும் பிரியும். இரண்டாவது மெய் ல், ர் ஆனால் பெரும்பாலும் இரண்டுமே பின்னால் போகும். அச்சுக்கோப்பவர் வரியிறுதியில் சொல்லை உடைக்க இவை போதும். இவற்றையே உச்சரிப்பு விதிகளாகக் கற்பிப்பது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மேசையைக் குறிக்கும் ‘தாப்ல்’ என்ற சொல்லுக்கு நூல் இரண்டு அசை காட்டும். பாரிஸ்காரர் வாயில் அது ஓரசைதான். எழுத்தில் இறுதியாக நிற்கும் ‘எ’ ஒலிப்பதில்லை. துலூஸ், மார்செய் போன்ற தென்பகுதி நகரங்களில் அந்த ஊமை ‘எ’ இன்றும் காதில் விழுகிறது. ஆகவே நூல்விதி வெறுங்கற்பனையன்று, பழைய உச்சரிப்பின் எச்சம். செய்யுளும் அதைக் காக்கிறது. 1677இல் அரங்கேறிய ராசீனின் ‘ஃபேத்ர்’ நாடகத்தின் 12 அசை அடிகளில், மெய்க்கு முன் வரும் ஊமை ‘எ’ ஓர் அசையாக எண்ணப்படும். உயிர்க்கு முன்னும் அடியிறுதியிலும் எண்ணப்படாது.

பேச்சில் உயிரொலியின் தன்மையைத் தீர்மானிப்பது நாவின் அசையே. ‘நிகழ்ச்சி’ எனப் பொருள்படும் ‘எவேன்மான்’ இதற்குத் தக்க சான்று. இதன் முதலிரண்டு ‘எ’க்களின் மேலும் இறுகிய ஒலிக்குரிய கூர்க்குறியே நெடுங்காலம் இடப்பட்டு வந்தது. மூன்றாவது ‘எ’ பேச்சில் மறைவதால், அதற்கு முன் நிற்கும் ‘ன்’ முன்னசையோடு ஒட்டி அதை மூடுகிறது. மூடிய அசையில் ‘எ’ விரிந்தே ஒலிக்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே இருந்த இந்த முரணை 1990 டிசம்பர் 6 அன்று அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள் நாவின் பக்கம் நின்று தீர்த்தன: இரண்டாவது ‘எ’ விரிந்த ஒலிக்குரிய சாய்குறி பெற்றது. பழைய வடிவமும் தவறெனத் தள்ளப்படவில்லை. இந்த இரட்டை வழக்கு, கற்போருக்கு ஒரு வகையில் தொல்லையே.

இனி, சொல்லெல்லை. நாவின் அசை அதைப் பொருட்படுத்துவதில்லை. ‘அவளோடு’ என்னும் ‘அவெக் எல்’, பேச்சில் அ-வெ-கெல் என்று பிரியும்; பால், ஆடை சேர்ந்து பாலாடை ஆகும் நம் புணர்ச்சியை அறிந்தவருக்கு இது புதிதல்ல. ‘லியேசோன்’ இன்னும் நுட்பமானது. தனிச்சொல்லில் ஊமையாகக் கிடக்கும் மெய், உயிரில் தொடங்கும் சொல் அடுத்து வந்தால் ஒலிபெற்று அதனோடு சேரும்: ‘குழந்தைகள்’ என்பது லே-ஸான்-ஃபான், இங்கே ‘ஸ’ அதிர்வொலி. ‘வீரர்கள்’ என்னும் ‘லே எரோ’வில் அப்படிச் சேர்த்தால் ‘சுழியங்கள்’ என்று பொருள் மாறிக் கேட்கும். ‘வீராங்கனைகள்’ என்னும் ‘லே எரோயின்’ தொடரிலோ சேர்த்தே ஆகவேண்டும். இரு சொற்களும் ‘ஆஷ்’ என்ற ஒரே ஊமை எழுத்தில்தான் தொடங்குகின்றன. கோடிட்டுப் பிரிக்கும் எந்த விதியும் இந்த வேற்றுமையைச் சொல்லித்தராது. அழுத்தமும் தனிச்சொல்லுக்கு உரியதன்று, சொற்கூட்டத்தின் கடைசி அசையில் விழுவது.

எனவே பிரெஞ்சு கற்பிக்கும் தமிழாசிரியர்கள் முதல் பாடத்திலேயே தொடர்களை வாய்விட்டுச் சொல்லப் பழக்க வேண்டும்; சொல்லுடைக்கும் விதிகளை எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.