அக்கரைச் சீட்டு - 6: துறைமுகம் போனது, ஒப்பந்தம் நின்றது

சென்ற வாரம் கதையை டெல்லியில் நிறுத்தியிருந்தோம். தேதி 1964 அக்டோபர் 30. இந்தியாவின் சார்பில் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கையின் சார்பில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் எந்த நாட்டின் குடிமக்களாகவும் இல்லாமல் நின்றிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் அன்று கணக்கில் பிரிக்கப்பட்டார்கள். இந்தியா 5,25,000 பேரை ஏற்கும். இலங்கை 3,00,000 பேரை வைத்துக்கொள்ளும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து, 1974-ல், இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவர்களையும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை வெளியே தள்ளியபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1964-லும் கேட்கவில்லை. எத்தனை பேர் என்பது முதலில் முடிவானது. யார் யார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த அநியாயங்களில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்தின் தலையெழுத்து, பெயர்கூட இல்லாத ஓர் எண்ணிக்கையாக டெல்லியில் எழுதப்பட்டது.

எல்லாம் பதினைந்து ஆண்டுகளில் முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. வழியும் தயாராக இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே ரயில் பிடித்தால் பாம்பன் பாலம் தாண்டி மண்டபம். 1914-ல் பாலமும் கப்பல் சேவையும் திறந்த நாள் முதல் கங்காணிகள் ஆள் சேர்த்து அனுப்பிய அதே தடத்தில், அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் இனி எதிர்த்திசையில் வர வேண்டும்.

ஒப்பந்தமாகி 53-ஆம் நாள் இரவு, அந்த வழியே இல்லாமல் போனது.

* * *

1964 டிசம்பர் 22. அந்தமான் கடலில் பிறந்த புயல் இலங்கையின் வவுனியாவைக் கடந்து பாக் நீரிணைக்குள் இறங்கியிருந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் பேரலை எழுந்து ரயிலை அப்படியே மூடியது. அதிலிருந்த 115 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விடிந்தபோது தனுஷ்கோடியில் துறைமுகம் இல்லை, ரயில் நிலையம் இல்லை, சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், மாதா கோயில் எதிலும் கூரை இல்லை. இந்தப் புயலில் மாண்டவர்கள் ஏறக்குறைய 1,800 பேர். பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்புத் தூலங்கள் கடலுக்குள் கிடந்தன. கப்பலுக்காகத் தூக்கித் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றது.

பாலத்தைச் சீராக்கும் பொறுப்பு இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் போனது. பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் இவரே. மீனவர்கள் துணையோடு தூலங்களைக் கடலடியிலிருந்து மீட்டு 46 நாட்களில் ரயிலை ஓட்டிக் காட்டினார். பாலம் பிழைத்தது. தனுஷ்கோடிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ‘மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம்’ என்று அரசு அறிவித்துவிட்டது. பாம்பன்–தனுஷ்கோடி ரயில் பாதை மறுபடி போடப்படவே இல்லை.

ஒப்பந்தத்துக்கும் அப்போது நல்ல காலம் இல்லை. சிறிமாவோவின் அரசு புயலுக்கு முன்பே, டிசம்பர் 3 அன்று, நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கில் தோற்றிருந்தது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். ஒப்பந்தத்தைச் செய்த இருவரில் ஒருவர் பதவியில் இல்லை, மற்றவர் உயிரோடு இல்லை, ஆட்கள் இறங்க வேண்டிய துறைமுகமும் இல்லை. ஒப்பந்தம் கிடப்பில் போய்விடும் என்று நம்பியவர்கள் தோட்டங்கள் நிறைந்த இலங்கை மலையகத்தில் இருந்திருப்பார்கள்.

அரசுகள் மாறினாலும் எழுதிய எண்ணிக்கை மாறவில்லை. 1967-ல் கொழும்பில் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் வந்தது. ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நான்கு பேர் இலங்கைக்கு, இதுதான் விகிதம். விண்ணப்பம் வாங்கியபோதுதான் மக்களின் மனது முதல்முறையாகக் கணக்கில் ஏறியது. 5,25,000 பேரை எதிர்பார்த்த இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் நான்கு லட்சம் பேர். மற்றவர்கள் பிறந்த மண்ணையே கேட்டார்கள்.

* * *

தனுஷ்கோடி போனதால் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. கப்பலின் பெயர் ‘ராமானுஜம்’. கண்டியிலும் ஹட்டனிலும் பதுளையிலும் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ஒரு பகலுக்குள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. பிளாட்பாரத்தில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் சேர்ந்து அழுதார்கள். அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஒரே குடும்பத்துக்குள் கோடு விழுந்திருந்தது.

ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம். ‘கேம்ப்’ என்றால் இந்தக் கரையில் இன்றும் அந்த ஓரிடம்தான். ரயில் நிலையத்தின் பெயரே மண்டபம் கேம்ப். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது என்பதை மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். தோட்டத்துக்குப் போகும் ஆட்களை ஏறக்குறைய ஒரு வாரம் அடைத்துவைத்து, துணியை ஆவியில் அவித்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து புகட்டி, உடம்பு தேறியவர்களை மட்டும் கப்பலேற்றிய இடம். 1939 ஆகஸ்டில் இந்தியா ஆள் அனுப்புவதைத் தடை செய்ததும் அதன் வேலை ஓய்ந்தது. பின்னர் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அங்கே குடியேறியது. இப்போது அந்த வளாகத்துக்கு மறுபடி ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்களிடம் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று இந்திய பாஸ்போர்ட். மற்றொன்று குடும்ப அட்டை. குடும்பத்தில் யார் யார், அவர்களுக்கு என்ன உதவி என்ற விவரம் அதில் இருந்தது. ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அரசு கொடுத்த பெயர். முகாமில் தங்க இடமும், சாப்பாட்டுக்கு வழியும், கைச்செலவுக்குச் சிறு தொகையும் கிடைத்தன. அடுத்து அவர்களை எங்கே அனுப்புவது என்று முடிவாகும். நீலகிரியில் இவர்களுக்கென்றே காட்டை வெட்டி 1968-ல் தேயிலை நட ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் அனுப்பப்பட்டவர்களுக்குத் தெரிந்த வேலையாவது கிடைத்தது. கன்னியாகுமரியில் ரப்பர்த் தோட்டம், சில ஊர்களில் நூற்பாலை, சிலருக்குக் கேரளமும் கர்நாடகமும், சிலருக்கு அந்தமான்.

பெரும்பாலோருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். ஐயாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, சொந்த ஊருக்குப் போய்க் கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்பது திட்டம். எது சொந்த ஊர்? பாட்டனார் கங்காணியோடு கிளம்பிப் போன புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் அவர் வீடும் இல்லை, நிலமும் இல்லை. பல ஊர்களில் சாதி மட்டும் இவர்களை மறக்காமல் காத்திருந்தது. விடியற்காலைச் சங்குக்கு எழுந்து கொழுந்து பறிப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத பெண்ணைக் கல்லாவில் உட்காரச் சொன்னால் எத்தனை மாதம் தாங்கும்? கடன் பணம் கரைந்ததும் நீலகிரியில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மலையேறிய குடும்பங்கள் ஏராளம். கூடலூரும் கோத்தகிரியும் இன்று இவ்வளவு பெரிய ‘சிலோன்காரர்’ ஊர்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதவி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கப்பல், ரயில், முகாம், கடன், வேலை என்று அரசு செலவழித்தது. ஆனால், உனக்கு என்ன தெரியும், யாரோடு இருக்க ஆசை என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால், அதே பணத்தில் எவ்வளவோ பேர் நிமிர்ந்திருப்பார்கள்.

இதற்குள் 1983 ஜூலை வந்துவிட்டது.

* * *

கொழும்பில் ஜூலை 24 அன்று தமிழர் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. மன்னார்க் கரையிலிருந்து மீன்பிடி படகுகள் இரவில் கிளம்பின. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். சிலர் நேரே கரை சேர்ந்தார்கள். சிலரைப் படகோட்டிகள் கடல் நடுவே மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். 1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர் 1,34,053 பேர் என்பது அரசுக் கணக்கு. அவர்களுக்கும் மண்டபம் முகாம்தான் வாசல்.

வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்களோடு மலையகத்தாரும் அந்தப் படகுகளில் இருந்தார்கள். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்கள் அவர்கள். ஓர் அண்ணன் தம்பியை எண்ணிப் பாருங்கள். அண்ணன் 1978-ல் பாஸ்போர்ட்டோடு ‘ராமானுஜம்’ ஏறி வந்தவர். தம்பி 1984-ல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர். பாட்டனார் ஒருவர்தான், அவர் கிளம்பிய கிராமமும் ஒன்றுதான், இறங்கிய முகாமும் ஒன்றுதான். அண்ணன் தாயகம் திரும்பியவர், குடிமகன், வாக்காளர். தம்பி அகதி. அண்ணனுடைய பிள்ளை அரசு வேலைக்கு மனுப் போடலாம். தம்பியுடைய பிள்ளை எவ்வளவு படித்தாலும் போட முடியாது.

1984-ல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட்டை வாங்கி, மூட்டை கட்டிக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் தோட்டத்திலேயே தங்கிப்போனார்கள். 1964-ல் எழுதிய கணக்கு கடைசிவரை நேராகவில்லை.

படகில் வந்தவர்களுக்கும் தமிழகம் சோறு போட்டது. இதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். மாதாமாதம் பணக்கொடை, கிலோ 57 காசு விலையில் அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று மாநில அரசு கொடுத்தது. செலவை மத்திய அரசு ஈடுகட்டியது. 2021-ல் பணக்கொடை உயர்த்தப்பட்டபோதும் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்ற அளவுதான். அதைப் பெறவும் சோதனை நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். பெயர் கூப்பிடும்போது வெளியூரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் காசு நிற்கும். கூலி வேலைக்குப் போகாமல் பணக்கொடையை மட்டும் வைத்து எந்தக் குடும்பமும் வாழ முடியாது. வேலைக்குப் போனால் பணக்கொடை கேள்விக்குள்ளாகும். நாற்பது ஆண்டுகளாக அந்தக் குடும்பங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த நெருக்கடிக்கு நடுவில், 1986 ஏப்ரலில், மண்டபத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் இருவரும் இலங்கையிலிருந்து வந்த அகதிகள். குழந்தையும் அகதிகள் கணக்கிலேயே சேர்ந்தது. முகாமில் யாருக்கும் அதில் வியப்பில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

ஆனால், இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அன்று வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1950 ஜனவரி 26-க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். 1987 ஜூலை 1 அன்று அந்தக் கதவு மூடப்பட்டது. அதன் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். கதவு மூடுவதற்குப் பதினான்கு மாதம் முன்பே அந்தக் குழந்தை பிறந்துவிட்டது. முகாம் கணக்கில் அகதி, சட்டத்தில் இந்தியர். இதை அவளுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை.

அவள் வளர்ந்து, மணமுடித்து, வேறொரு முகாமில் குடித்தனம் நடத்தி, ஒருநாள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். ‘கிடையாது’ என்று பதில் வந்தது. தன் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவள் மதுரைக்குக் கிளம்பினாள். உயர் நீதிமன்றத்தில் 2022 ஆகஸ்டில் என்ன நடந்தது?

(அடுத்த வாரம்)