கண்ணுக்குப் புலனாகாத ஏரியல்

நான் சிறுவனாயிருந்த நாளில், திற்பரப்பில் எவர் வீட்டில் வானொலிப் பெட்டி உண்டு என்பதைத் தென்னைமரங்களே அறிவித்துவிடும். இரு மரங்களுக்கிடையே ஏரியல் கம்பி, அதன்மேல் காக்கைகள்! மத்திய அலையின் நீளம் நூறு மீட்டருக்கு மேற்பட்டது. ஆதலின் திருவனந்தபுரம் நிலையத்தைத் தெளிவாகக் கேட்க நீண்ட கம்பி வேண்டியிருந்தது. இன்றைய கைப்பேசியில் அக்கம்பி எங்கே போயிற்று?

அலை குறுகிற்று, ஏரியலும் குறுகிற்று. இவ்வரலாற்றின் முதல் ஏட்டிலேயே நம் நாட்டவர் ஒருவரைக் காண்கிறோம். கல்கத்தாவில் பேராசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ், 1895ஆம் ஆண்டளவில், கம்பித் தொடர்பின்றியே தொலைவிலுள்ள மணியை ஒலிக்கச் செய்தார். அவர் கையாண்ட அலைகளுள் சில 5 மில்லிமீட்டர் அளவே நீண்டவை. அவற்றை ஏந்திக்கொள்ளப் புனல் போல் வாய் விரிந்த குழலை அமைத்தார். 1897 சனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை அறிஞர்முன் வைத்தார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதனையே அலைகளை வடிகட்டும் கருவியாக்கினார்! விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

2022இல் இந்திய அரசு ஏலத்தில் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர், போஸின் அலைகளுக்கு நெருங்கிய உறவு. ஆயின் இதற்கொரு குறையுண்டு. கைப்பேசியைப் பற்றியிருக்கும் உள்ளங்கையே இதனை மறைத்துவிடும். மறையாத இடம் திரை ஒன்றே. அங்கே ஏரியலை அமைத்தால் படம் மறையுமன்றோ?

மின்சாரம் பாயவும் வேண்டும், ஒளி ஊடுருவவும் வேண்டும். இவ்விரண்டும் எளிதில் ஒன்றுகூடா. 1907இல் பேடேக்கர் என்ற ஜெர்மானியர், காட்மியம் ஆக்சைடின் மெல்லிய படலத்தில் இவ்விரு பண்புகளையும் ஒருங்கே கண்டார். பின்னர் இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஆக்சைடுக் கலவை தொடுதிரைகளில் இடம்பெற்றது. ஏரியலுக்கோ அதுவும் போதாது. படலம் மெலிந்தால் மின்தடை மிகுந்து, அலையின் ஆற்றல் வீணே வெப்பமாகும். தடித்தால் திரை மங்கும். ஆகவே தென்கொரியாவின் போஹாங் பல்கலைக்கழகத்தார், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய உலோக இழைகளை வலையாகப் பின்னித் திரையில் பதித்தனர். கொசுவலையூடே விளக்கொளி வருவதுபோல், இழைகளின் இடைவெளியில் ஒளி வந்துவிடும். இதுவே சிறந்த வழி என்பது என் கருத்து.

எனினும் இவ்வேற்பாடு கையின் மறைப்பைத்தான் நீக்கும். எங்கள் ஊரைச் சூழ்ந்த மலைகளையும் ரப்பர்த் தோட்டங்களையும் அது என் செய்யும்? அடர்ந்த இலைகளே இச்சிற்றலைகளை விழுங்கிவிடும். கோதையாற்றங்கரை வாழ்வோர்க்கு இன்றும் சற்று நீண்ட அலைகளே துணை.